பாதத்தைத் தட்டும் முன்

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தாதியாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்குக் கிடைத்த பாராட்டு, என் கை வேகமானது என்பது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் சில வேளைகளில் மூச்சு விட மறந்துவிடும். மூச்சை நடத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிராததே காரணம். நெஞ்சு அசைவற்று நிற்கும். சில நொடிகளில் இதயத் துடிப்பு தளரும், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மானிட்டர் ஒலிக்கும். அப்போது தாதி செய்ய வேண்டியது எளிய காரியம். இன்குபேட்டரின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலை இரண்டு விரல்களால் தட்ட வேண்டும். குழந்தை திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொள்ளும். நிறம் திரும்பும். ஒலி அடங்கும்.

மானிட்டர் மூன்றாம் முறை ஒலிப்பதற்குள் நான் தட்டியிருப்பேன். எங்கள் பிரிவின் மூத்த தாதி, பாசிர் ரிஸிலிருந்து வரும் ஒரு மலாய் அம்மையார், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்னைக் காட்டி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்பார். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்த வேகம் ஒரு குழந்தையின் நோயை ஐந்து நாள் மறைத்து வைத்தது. அந்த ஐந்து நாள்களைப் பற்றியே எழுதுகிறேன்.

அது முப்பத்து நான்காவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் கட்டியிருந்த பட்டையில் தாயின் பெயரும், இன்னாரின் குழந்தை என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன. பேருந்து ஓட்டுநரான தகப்பன் அதை ‘மேடம்’ என்று அழைத்தார். தாய் தேக்காவில், சந்தைக்கு மேல் மாடியிலுள்ள துணிக்கடை வரிசையில் ரவிக்கை தைப்பவர். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. பல ஆண்டு காத்திருந்து பெற்ற முதல் குழந்தை. புக்கிட் மேராவிலிருந்து தினமும் காலையில் முதல் ஆளாக வந்துவிடுவார். தோளில் ஒரு குளிர்ப்பை, அதனுள் சிறு புட்டிகளில் இரவெல்லாம் பிழிந்த தாய்ப்பால். வாடிக்கையாளர்கள் ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டுக் கைப்பேசியில் அழைத்தபடி இருப்பார்கள். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்குபேட்டரின் முன் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் மாலை வரை கண் அகலாது.

முதல் நாளே அவருடைய கண்ணைப் பற்றி நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மருத்துவமனை கொடுத்த குட்டிச் சட்டையைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டியபோது, ஒரு கணம் பார்த்துவிட்டு, “இடது கை அரை விரல் கட்டை சிஸ்டர்,” என்றார். கட்டை என்றது சட்டையின் கையை. நான் சிரித்தேன். “எங்கிட்ட தைக்க வர்ற அக்காங்க இதுக்கே கடைய ரெண்டாக்கிடுவாங்க. ரெண்டு கையும் சமமா இருக்கணும்.” அவர் போன பிறகு, ஏதோ ஓர் ஆர்வத்தில், அதே சட்டையை மடித்து இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது.

எங்களுக்குள் பேச்சு தமிழில்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கேயே படித்தவர். நூல் மொத்த வியாபாரியிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேரம் பேசுபவர். ஆனால் அச்சத்தைச் சொல்வதற்கான ஆங்கிலம் அவரிடம் இல்லை. மருத்துவர்கள் சுற்றி வந்து விளக்கும்போது எல்லாவற்றுக்கும் தலையசைத்து நன்றி சொல்வார். அவர்கள் அடுத்த குழந்தையிடம் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் தமிழில் கேட்பார். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வேன். பிற தாதியர் தாய்மார்களைப் பொதுவாக ‘மம்மி’ என்பார்கள். நான் இவரை அக்கா என்றேன். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுக் கட்டுரையையே நோயாளிகளின் மொழியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். இத்தகைய ஒருவருக்குப் பயன்படத்தான் இந்தப் பணிக்கு வந்தேன் என்று அந்த நாள்களில் உள்ளூர நினைத்துக்கொண்டதும் உண்டு.

பிறந்து மூன்றாம் நாள் முதல் குழந்தைக்கு மூச்சு நிற்கத் தொடங்கியது. அந்த வயதில், அந்த வாரத்தில், அது வியப்பான செய்தி அன்று. மூச்சைத் தூண்டுவதற்காகக் காஃபீன் மருந்து தொடங்கப்பட்டது. ஆம், காப்பியில் இருப்பதேதான். அதைக் கேட்ட தகப்பன், எங்கள் வீட்டில் பிறந்து மூன்று நாளில் காப்பி குடித்த முதல் ஆள் என்று சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை, குழந்தை பிறந்த ஆறாம் நாள், ஒரு முறை மானிட்டர் ஒலித்து, நான் தட்டி, எல்லாம் சரியான பிறகு அந்தத் தாய் மெல்லச் சொன்னார்.

“சிஸ்டர், மூச்சு நிக்கறதுக்கு முன்னாடியே கண்ணு ஒரு பக்கமா போயிடுது. இடது பக்கம். வாய் ஏதோ மெல்லுற மாதிரி அசையுது. அப்புறம்தான் மூச்சு நிக்குது.”

“பச்சப்பிள்ளைங்க அப்படித்தான்க்கா, கண்ண எங்கயாவது உருட்டும். பயப்படாதீங்க.”

நான் சொன்னது பொய்யன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் உண்மை. அவற்றின் கண்கள் இலக்கில்லாமல் அலையும், தூக்கத்தில் வாய் சப்பும், கை கால்கள் வெடவெடக்கும். வெடவெடப்பைப் பிரித்தறிய எங்களுக்கு ஒரு சோதனையும் கற்றுத் தந்திருந்தார்கள். நடுங்கும் காலை உள்ளங்கையால் மென்மையாகப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அடங்கினால் அது வெறும் நடுக்கம். பிடித்த கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருந்தால் அது வலிப்பு. அதோடு இன்னொன்றும் கற்றுத் தந்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் வலிப்பு பெரியவர்களின் வலிப்பைப் போல உடம்பு முழுவதையும் முறுக்கி எறிவதில்லை. அதற்கு வேண்டிய இணைப்புகள் அந்த மூளையில் இன்னும் முழுமையாகவில்லை. எனவே அது ஒரு வெறித்த பார்வையாக வரலாம், மெல்லும் வாயாக வரலாம், சில நேரம் நின்றுபோன ஒரு மூச்சாக மட்டுமே வரலாம். இந்தக் கேள்விக்குத் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அன்று நண்பகலில் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கணினியில் திறந்து, எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, தட்டியதும் சரியானது என்று எழுதினேன். கடைசியில், தாய் கவலையாக இருக்கிறார், ஆறுதல் கூறப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவர் கண்ட கண்ணும் வாயும் அந்தப் பக்கத்தில் இல்லை.

ஏன் எழுதவில்லை என்று பின்னாளில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சோம்பல் அன்று. அலட்சியம் என்று சொன்னாலும் அது முழு உண்மையாகாது. ஒரு சீனத் தாய் அதே சொற்களை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், அவை என் காதில் ஒரு தகவலாக விழுந்திருக்கும். கை தானாக எழுதியிருக்கும். தமிழில் சொல்லப்பட்டதை நான் தாதியாகக் கேட்கவில்லை. வீட்டுப் பெண்ணாகக் கேட்டேன். வீட்டில் ஒருவர் பயந்தால் நாம் செய்வது பயத்தைத் தணிப்பது. அந்தப் பிரிவில் தமிழை நான் ஆறுதலுக்கு வைத்திருந்தேன். பதிவுக்கு ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் அவர் சொன்னது விழுந்து கிடந்தது.

செவ்வாயன்றும் புதனன்றும் மூச்சு நிற்பது அதிகமாயிற்று. குறைமாதக் குழந்தைக்குத் திடீரென்று இப்படிக் கூடினால் முதலில் கிருமித்தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். குதிகாலிலும் புறங்கையிலும் குத்தி இரத்தம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். அப்போது குழந்தையை வளைத்துப் பிடித்திருந்தவள் நான். உச்சிக்குழி வழியாகத் தலையை ஸ்கேன் செய்தார்கள். எதிலும் குறை தெரியவில்லை. காஃபீன் அளவைக் கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் என் குறிப்புகளைப் படித்தார்கள். அவற்றில் ஒவ்வொரு வரியும் ‘தட்டியதும் சரியானது’ என்று முடிந்தது. தட்டினால் திரும்பும் மூச்சு என்றால் அது முதிராமையால் நிற்கும் மூச்சு. அவர்கள் அப்படி முடிவு செய்ததில் பிழையே இல்லை.

புதன் மதியம் தகப்பன் இரண்டு வேலை நேரத்துக்கு இடையில் சீருடையோடு வந்திருந்தார். கைகழுவிவிட்டு இன்குபேட்டரைக் குனிந்து பார்த்தார்.

“மேடம் இன்னிக்கு எத்தன தடவ பிரேக் போட்டாங்க?”

“ஏழு,” என்றார் மனைவி.

“அப்பாவ விட மோசமான டிரைவர் லா.”

“உங்க பஸ்ல ஏறுனவங்களுக்கும் இப்படித்தான் மூச்சு நிக்குதாம். புக்கிட் மேரா முழுக்கப் பேசிக்கிறாங்க.”

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “நான் சொன்னத டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார்.

“சொல்றேன்க்கா,” என்றேன்.

அன்றும் சொல்லவில்லை. மருத்துவர்கள் வந்தபோது அடுத்த படுக்கையில் ஒரு குழந்தையின் நிலை மோசமாக இருந்தது. எல்லோருடைய கவனமும் அங்கே போயிற்று. இது ஒரு காரணம். இதைவிட உண்மையான காரணம், நீ பார்த்தாயா என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்ற தயக்கம். நான் பார்த்ததில்லை. பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை. ஒலி கேட்டதும் என் கண் மானிட்டரில் ஆக்சிஜன் எண்ணுக்குப் போகும், கை குழந்தையின் காலுக்குப் போகும். முகத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பிரிவிலேயே குழந்தையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தத் தாய் ஒருவர்தான்.

வியாழன் எனக்கு விடுப்பு. கிளமெண்டியில் வீட்டைப் பெருக்கித் துடைத்து, துணி துவைத்து, நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் பால்குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மானிட்டர் ஒலித்தது. வழக்கம்போல் என் கை வட்டக் கதவுக்குள் போயிற்று. அந்தத் தாய் எழுந்து என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். வலுவான பிடி.

“தட்டாதீங்க சிஸ்டர். அஞ்சு செகண்டு. சும்மா பாருங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபம். மூச்சு நின்ற குழந்தையைத் தொடாதே என்று ஒரு தாய் சொல்வதா? அடுத்து வந்தது கணக்கு. ஆக்சிஜன் எண் எண்பத்தெட்டு. ஐந்து நொடியில் அது ஆபத்தான இடத்துக்கு இறங்காது. இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன் முகமூடி இருக்கிறது. கையை வெளியே எடுக்கவில்லை. குழந்தையின் பாதத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திக்கொண்டு முகத்தைப் பார்த்தேன்.

கண்கள் விரியத் திறந்திருந்தன. இமைக்கவில்லை. இரண்டும் இடது ஓரத்தில் போய் நிலைகுத்தி நின்றன. உதடுகள் சீரான தாளத்தில் எதையோ மென்றன. பால் சப்பும் அசைவு எனக்குத் தெரியும், இது அது இல்லை. பிறகு, இத்தனை நாள் பார்க்காத இன்னோர் எண்ணைப் பார்த்தேன். முதிராமையால் மூச்சு நிற்கும்போது இதயமும் சேர்ந்து தளர்ந்துபோகும். இந்தக் குழந்தையின் இதயம் தளரவில்லை. முன்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் தட்டினேன். கண் அங்கேயே நின்றது. முகமூடியை எடுத்து முகத்தருகே பிடித்தேன். மூன்றாம் முறை தட்டியபோதும் இல்லை. அதன் பிறகு, என் விரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கணத்தில், குழந்தை தானாக மூச்சை இழுத்தது. கண்கள் நடுவுக்கு வந்தன.

வேகமாகத் தட்டிய நாள்களிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் நின்றபோது புரிந்தது. அந்த நாள்களில் அது குறுகிய நேரமே நீடித்தது. முடியும் தறுவாயில் நான் தட்டினேன். தானாக முடிந்ததை, நான் தட்டியதால் முடிந்தது என்று எழுதினேன்.

“பாத்தீங்களா?” என்றார் அவர். என் கையை அப்போதுதான் விட்டார்.

“பாத்தேன்க்கா.”

மருத்துவரை அழைத்தேன். எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் கண்டதைச் சொல்லி முடிப்பதற்குள் மூளை அலைப் பதிவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். காஃபீனையும் நிறுத்தச் சொன்னார். வலிப்பாக இருந்தால் அது உதவும் மருந்து அன்று என்றார்.

பதிவுக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்த தொழில்நுட்பர் வயதானவர். குழந்தையின் தலையில் மயிரைப் பிரித்துப் பிரித்து, பசை தடவி, நூல் போன்ற கம்பிகளை ஒட்டியபடி, தான் ஒரு சிகையலங்காரக்காரர்தான், ஆனால் எந்த வாடிக்கையாளரும் இதுவரை பணம் கொடுத்ததில்லை என்று அந்தத் தாயிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தாய் அன்று முதல் முறையாகப் புன்னகைத்தார். பிறகு தொழில்நுட்பர் எங்களுக்கு விதிகளைச் சொன்னார். அவர் சொல்லாமல் யாரும் குழந்தையைத் தொடக் கூடாது. ஏதேனும் கண்டால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திரையில் அலைகளின் மேல் குறித்துக்கொள்வார். மூத்த மருத்துவர் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார்.

நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்றும் நடக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினமானது என்பதை அந்த நாற்பது நிமிடத்தில் அறிந்தேன்.

“கண்ணு போகுது,” என்றார் தாய்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இந்த முறை அதை அப்படியே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். தொழில்நுட்பர் குறித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிய பிறகே எனக்குக் கண்ணின் விலகல் தெரிந்தது. “வாய்,” என்றார் தாய். அதையும் சொன்னேன். பிறகுதான் நெஞ்சு நின்றது. மானிட்டர் ஒலித்தது எல்லாவற்றுக்கும் கடைசியில். திரையில், குழந்தையின் மூளையின் வலப்பக்கத்துக்குரிய கோடுகளில், சிறிதாகத் தொடங்கிய ஓர் அலை ஒரே அச்சில் வார்த்ததுபோல் திரும்பத் திரும்ப வந்து, உயர்ந்து, பரந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பின் அறுந்ததுபோல் நின்றது. தொழில்நுட்பர் பதிவைப் பின்னோக்கி நகர்த்திக் காட்டினார். அலை தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தாயின் முதல் சொல். மூத்த மருத்துவர் அந்தக் குறியை விரலால் தொட்டு, இதைச் சொன்னது யார் என்று கேட்டார். நான் தாயைக் கைகாட்டினேன்.

வலிப்பு மருந்து முதல் அளவு உடனே செலுத்தப்பட்டது. அதன் பிறகு வெளித் தாழ்வாரத்தில் மூத்த மருத்துவர் என்னை நிறுத்தி, தாய் இதை எப்போதிலிருந்து கவனித்து வருகிறார் என்று கேட்டார்.

இன்று காலை எனக்குக் காட்டினார் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய் இல்லை. அந்தப் பதிலின் விளைவுகளை நான் எடை போட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. குழந்தையின் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, மருந்தும் போய்விட்டது. நான் சொல்வதால் அதற்கு இனி ஒரு நன்மையும் இல்லை. எனக்கோ விசாரணை உண்டு. ஆனால் நான் சொல்லாவிட்டால், அந்த ஐந்து நாளும் கண்டறிய முடியாத நாள்களாகவே பதிவில் நிற்கும். முதுகில் போட்ட ஊசி தவிர்க்க முடியாததாக நிற்கும். அடுத்த படுக்கையில் இன்னொரு தாய் இன்னொரு மொழியில் சொல்வதை இன்னொருவர் ஆறுதலால் மூடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் பெண்மணி திங்கட்கிழமையே சொன்னார். அது அவருடையது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இப்போதே எழுது, ஆனால் இன்றைய தேதியும் நேரமும் போட்டு எழுது, திங்கட்கிழமைப் பக்கத்தில் செருகாதே என்றார். எழுதினேன். தாமதமான பதிவு என்று தலைப்பிட்டு, தாய் சொன்ன சொற்களை ஆங்கிலத்தில் மாற்றி, இதைக் கேட்டவர் இன்னார், பதியாமல் விட்டவரும் அவரே என்று. பத்து வரிகூட இருக்காது. நான் எழுதியவற்றில் அவ்வளவு நேரம் பிடித்த பத்து வரி வேறில்லை.

மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலது காதுக்கு உட்புறமாக, மூளையின் பக்கவாட்டில், ஒரு சிறு இரத்தக் கசிவு. உச்சிக்குழி வழியே பார்க்கும் ஸ்கேனில் எளிதில் சிக்காத இடம். பெற்றோரை ஓர் அறையில் உட்கார வைத்து மூத்த மருத்துவர் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். கசிவு ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிரசவத்திலோ அதற்கு முன்போ பெற்றோர் செய்த எதனாலும் அல்ல என்றார். இத்தகைய குழந்தைகளில் பலர் நன்றாக வளர்கிறார்கள், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன், இடப்பக்கக் கையையும் காலையும் கவனித்து வர வேண்டும் என்றார். அதற்குப் பிறகு, திங்கட்கிழமை நீங்கள் சொன்னது எங்கள் குறிப்பில் ஏறவில்லை, ஏறியிருந்தால் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருப்போம், இதற்கு வருந்துகிறோம் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது, குறிப்பில் ஏறவில்லை என்பதை நான் எழுதவில்லை என்று மாற்றிச் சொன்னேன்.

தகப்பன் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஐந்து நாள் முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கசிவு குறைந்திருக்குமா என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கசிவு குறைந்திருக்காது, வலிப்புகள் குறைந்திருக்கும், அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை என்றார் மருத்துவர். தாய் எழுந்து குழந்தையிடம் போய்விட்டார்.

என்மீது எடுத்த நடவடிக்கை ஓர் எச்சரிக்கையும் மீள்பயிற்சியும்தான். பெற்றோர் சொல்வதை அவர்கள் சொன்ன மொழியிலேயே பதிந்து, பொருளையும் எழுத வேண்டும் என்று நான் ஒரு கூட்டத்தில் முன்வைத்தேன். பர்மிய மொழியில் சொன்னால் யார் எழுதுவது என்று ஒரு சக தாதி கேட்டார். நியாயமான கேள்வி. அது இன்னும் பேச்சளவிலேயே இருக்கிறது. மூத்த தாதி மட்டும் புதியவர்களிடம் என் வேகத்தைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு, கை பாதத்தருகே இருக்கட்டும், கண் முகத்தில் இருக்கட்டும் என்று சொல்லித் தருகிறார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. மருந்து நிறுத்தப்பட்டுப் பல மாதம் ஆகிறது. வலிப்பு திரும்பவில்லை. நடக்கிறது. பொம்மையை நீட்டினால் முதலில் வலது கையையே நீட்டுகிறது என்றும், இடது கைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவதாகவும் தாய் சொல்கிறார். பிறர் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நான் மறக்காமல் வைத்திருப்பது, அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்ட நாளை. மருந்தை ஊசியில்லாக் குழலில் எந்தக் கோடு வரை இழுப்பது, எப்படிக் கன்னத்தின் உட்புறமாக விடுவது என்று நான் செய்து காட்டினேன். வலிப்பு வந்தால் மணி பார்க்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இத்தனை நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் ஒரு முறைக்கு இரு முறை இழுத்துக் காட்டினார். இரண்டு முறையும் கோட்டின் மேல் துல்லியமாக நின்றது. தகப்பன் குழந்தையை ஏற்றிச் செல்லும் இருக்கையோடு வாசலில் காத்திருந்தார்.

“நான் அன்னிக்கே எழுதியிருக்கணும்க்கா,” என்றேன்.

அவர் குழலை மூடிப் பையில் வைத்தார். புட்டியைத் துணியில் சுற்றி வைத்தார்.

“ஆமா. எழுதியிருக்கணும்,” என்றார்.

அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சட்டைக் கை அரை விரல் கட்டை என்று சொன்ன அதே குரல். அவர் கைப்பையைத் துழாவி, வாடிக்கையாளரின் அளவெடுத்து எழுதும் சிறு ஏட்டை எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு என் முன் வைத்தார்.

“இப்ப சொன்னதெல்லாம் இதுல தமிழ்ல எழுதிக் குடுங்க. நான் கடைக்குப் போற நாள்ல பாத்துக்க வர்றவங்களும் படிக்கணும்.”

உட்கார்ந்து எழுதினேன். மருந்தின் பெயர், அளவு, நேரம். பிறகு, எதைக் கவனிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து, மூச்சு நிற்பதற்கு முன் கண் இரண்டும் இடது பக்கம் போகும் என்று எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“வாய் மெல்லுமே,” என்றார். “அத விட்டுட்டீங்க.”

அதையும் எழுதினேன்.